துருவும் முத்திரையும்

அந்தக் கோடாலியை நான்கு பவுணுக்கு வாங்கினேன். பேர்மிங்காமுக்கு வடமேற்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வெளியில் பழஞ்சாமான் சந்தை கூடும். அங்கே உடைந்த சைக்கிள் பம்புகளுக்கும் பீங்கான் நாய்களுக்கும் நடுவே ஒரு தார்ப்பாயில் அது கிடந்தது. காம்பு பாதியில் முறிந்திருந்தது. தலை முழுவதும் செம்மண் அப்பியதுபோலத் துரு. விற்ற முதியவர் ஐந்து கேட்டார், நான் மூன்று சொன்னேன், நாலில் முடிந்தது.

"இது எதுக்குப்பா?" என்று காரில் மகள் கேட்டாள். பதினாறு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இருக்கவில்லை.

நான் பிறந்தது ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில். தாத்தாவுக்குக் கோபம் வந்தால் ஒரு பேச்சு வரும். "இந்த மலையெல்லாம் காடுடா. எங்க பூட்டன் கோடாலிய வச்சி வெட்டின காடு. இன்னைக்கு நம்மளக் கள்ளத்தோணிங்கிறானுங்க." எங்கள் குடும்பத்துக்கென்று எழுதி வைத்த வரலாறு எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் இந்த மூன்று வாக்கியங்கள்தான். நானும் பேர்மிங்காமில் யாராவது 'நீங்கள் இலங்கையில் எந்தப் பகுதி' என்று கேட்டால் ஏறக்குறைய இதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லி வந்தேன். காட்டை வெட்டியவர்களின் பேரன் என்று.

ஆனால் ஒரு கோடாலியை நான் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

*

கராஜில் முதல் வேலை காம்பைக் கழற்றுவது. தலைக்குக் கீழே வாளால் அறுத்து, கண்ணுக்குள் இறுகிக் கிடந்த மரத்தைத் துளையிட்டுத் தளர்த்தி, ஒரு இரும்புத் தண்டை வைத்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். உள்ளே இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு வளைந்த ஆணியும் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் காம்பு ஆடும்போதெல்லாம் கைக்கு அகப்பட்டதை அடித்து இறுக்கியிருக்கிறார். தலையின் பின்புறம் காளான்போல மடிந்து பிதுங்கியிருந்தது. கோடாலியைச் சுத்தியலாகவும் பயன்படுத்தியிருக்கிறார், அல்லது ஆப்பாக மரத்தில் செருகி அதன் தலையில் சம்மட்டியால் போட்டிருக்கிறார்.

துருவை நீக்க இரண்டு வழிகள். சுழலும் கிரைண்டரில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தலை கண்ணாடிபோல மின்னும். ஆனால் அது துருவோடு சேர்த்து இரும்பையும், இரும்பில் பதிந்த எழுத்துகளையும் தின்றுவிடும். விளிம்பு மெல்லியது என்பதால் சூடும் சட்டென ஏறும். 200 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டினாலே உருக்கின் கடினம் குறையத் தொடங்கலாம். நீல நிறம் ஓடிவிட்டால் கொல்லன் கொடுத்த துவைச்சல் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

இரண்டாவது வழி வினாகிரி. கடையில் விற்கும் சாதாரண வினாகிரியில் அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்குதான். ஒரு வாளியில் ஊற்றித் தலையை முழுக்காட்டி வைத்தால் அது துருவை மெல்லமெல்லக் கரைக்கும். இரும்பையும் கொஞ்சம் கடிக்கும். ஆகவே போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஓர் இரவு, ஒரு பகல். பிறகு எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். கறுப்புக் குழம்பு வழிந்தது. மறுபடியும் ஓர் இரவு. கடைசியில் அப்பச்சோடா கலந்த தண்ணீரில் கழுவி, எஞ்சிய அமிலத்தை முறித்து, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பத்து நிமிடம் சும்மா விட்டால் கண்ணெதிரே புதிய துரு பூக்கும்.

இரண்டாம் நாள் மாலை மகள்தான் முதலில் கண்டாள். தலையின் பக்கவாட்டில் விரலால் தடவி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எல்வெல். அதன் கீழே மேல்நோக்கிய ஓர் அம்பு. அம்புக்குப் பக்கத்தில் 1943.

அந்த அம்பு பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். துப்பாக்கி முதல் தண்ணீர்ப் போத்தல் வரை அரசு வாங்கிய பொருள்களில் அது பதிந்திருக்கும். ஒரு காலத்தில் கைதிகளின் உடுப்பிலும் அதைக் குத்தினார்கள். 1943 என்பது போர்க்காலம். படைக்காகச் செய்யப்பட்ட கோடாலி இது.

துரு போன பிறகு இன்னொன்றும் தெரிந்தது. வெட்டு விளிம்பை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு இரும்பு கறுத்து, மற்ற இடத்திலிருந்து ஒரு அலைக்கோட்டால் பிரிந்திருந்தது. கடினப்படுத்திய உருக்கை அமிலம் வேறு நிறத்தில் காட்டும். பழைய காலத்தில் உருக்கு விலை கூடிய பொருள். அதனால் தலையை மெல்லிரும்பில் செய்து, வெட்டும் வாயில் மட்டும் ஒரு துண்டு உருக்கை உலையில் காய்ச்சி ஒட்டினார்கள். பிற்காலத்தில் முழுத் தலையையும் உருக்கிலேயே அடித்து, வாயை மட்டும் கடினமாக்கினார்கள். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். விளிம்பு கடினமாக இருந்தால் கூர் நிற்கும். உடல் இளக்கமாக இருந்தால் அடி தாங்கும்.

*

எல்வெல் என்ற பெயருக்குரிய இடம் என் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம். வெட்னெஸ்பரி. பிளாக் கன்ட்ரி என்று இந்தப் பகுதிக்குப் பெயர். நிலக்கரியாலும் புகையாலும் கறுத்துக் கிடந்ததால் வந்த பெயர் என்பார்கள். வெட்னெஸ்பரியில் டேம் ஆற்று நீரைத் தேக்கிச் சக்கரம் சுற்றி இரும்படித்த பட்டறை ஒன்று பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. அதை 1817 இல் எட்வர்ட் எல்வெல் என்பவர் எடுத்துக்கொண்டார். அவரது பெயரில் கோடாலி, மண்வெட்டி, கொத்து, அரிவாள் என்று வெட்டும் கருவிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அங்கிருந்து போயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலை நின்றுபோனது. தொல்லியலாளர்கள் அந்த நிலத்தைத் தோண்டி, நீர்ச்சக்கரக் குழிகளையும் உலைகளையும் அடுக்கடுக்காக வெளிப்படுத்தினார்கள்.

எல்வெல் தனியாக இல்லை. கானக்குக்கு அருகே சர்ச்பிரிட்ஜில் கில்பின், ஓல்ட்பரியில் பிரேட்ஸ், வுல்வர்ஹாம்ப்டனில் சில்லிங்டன் என்று சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் கருவிப் பட்டறைகள் இருந்தன. இவர்களுடைய சந்தை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. கரும்புக்கு ஒரு கத்தி, ரப்பருக்கு ஒரு கத்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு கொத்து, ஆபிரிக்காவுக்கு வேறொரு கொத்து. பேரரசு எங்கே மண்ணைக் கொத்தியதோ அந்த மண்ணுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற வடிவத்தை இங்கே அடித்து அனுப்பினார்கள். சில்லிங்டன் தன் கொத்துகளில் முதலை முத்திரை பதித்தது. 'முதலை மார்க்' என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த முதலை வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து நீந்தி வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

உருக்கு என்றாலே நம்மவர்களுக்குப் பெருமை பேசத் தோன்றும். பேசவும் இடமுண்டு. கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். தென்னிந்திய உருக்கை ஐரோப்பிய அறிஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள், மைக்கேல் ஃபாரடே உட்பட. பரங்கிப்பேட்டையில் 1830 இல் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், பிறகு ஷெஃபீல்டுக்கு வந்து, உருக்கு வார்ப்பில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839 இல் காப்புரிமை பெற்றார். அது நல்ல உருக்கின் விலையைக் குறைத்தது. சேலத்துத் தாதுவை உருக்கிய ஆலையின் முதலாளிக்கும் இங்கிலாந்தின் மலிந்த உருக்குக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

இந்தக் கதைகளை நாங்கள் விழா மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த உருக்கு கருவியாகி, கப்பலேறித் திரும்பி வந்து, நம்மவர் கையில் என்ன வேலை செய்தது என்பதை மேடையில் கேட்டதில்லை. அது பெருமைக்குரிய கதையாக இல்லாததால் இருக்கலாம்.

*

இலங்கையின் மத்திய மலைநாட்டில் பெருமளவில் காடு விழத் தொடங்கியது 1830களின் பிற்பகுதியில், கோப்பிக்காக. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாகக் கொண்டது. அரசு அவற்றைத் தோட்டத் துரைமாருக்கு விற்றது. கண்டிக் கிராமத்தவர் தலைமுறையாகச் சேனை செய்தும் விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் வந்த காட்டுக்கு அவர்களிடம் பத்திரம் இருக்கவில்லை.

மலைச்சரிவில் காடு வெட்டிய முறையைத் துரைமார் எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டுகிறவர்கள் அடிவாரத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு மரத்தையும் பாதி அளவுக்கே வெட்டி, விழவிடாமல் நிறுத்திவிட்டு மேலே நகர்வார்கள். இப்படியே வரிசை வரிசையாக உச்சிக்கு ஏறிய பிறகு, மேலே நிற்கும் பெரிய மரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழே நிற்பவற்றின் மேல் விழும். அவை அடுத்தவற்றின் மேல். கொடிகளால் ஒன்றோடொன்று பிணைந்த காடு முழுவதும் சில நிமிடங்களில் சரிந்து கிடக்கும். பிறகு காயவிட்டுத் தீ வைப்பார்கள்.

இதைத் தேடிப் படித்த இரவில்தான் தாத்தாவின் வாக்கியம் எனக்கு உடைந்தது. அந்தக் கோடாலிகள் பெரும்பாலும் தமிழர் கையில் இருக்கவில்லை. காடு வெட்டுவது கொந்தராத்து வேலை. அதைப் பெரும்பாலும் எடுத்தவர்கள் அயற்கிராமத்துச் சிங்களவர்கள். தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்க மறுத்த அவர்கள், மரம் வெட்டும் வேலையை மட்டும் கூலி பேசிச் செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். எந்தக் காட்டை இழந்தார்களோ அதே காட்டைக் கூலிக்கு வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களின் வேலை தொடங்கியது. எரிந்த கட்டைகளை அப்புறப்படுத்துவது, குழி வெட்டுவது, கன்று நடுவது, ரோடு போடுவது, கான் வெட்டுவது, புல் கொத்துவது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் வழியிலேயே செத்தவர்கள் போக, வந்து சேர்ந்தவர்களின் கையில் கொடுக்கப்பட்டது மண்வெட்டி.

ஓரிரு தோட்டங்களில் தமிழரும் மரம் வெட்டியிருக்கலாம். என் பூட்டன் அப்படி ஒருவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் 'காட்டை வெட்டியது நாங்கள்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல எனக்கு இனி வாய் வராது. சொன்னால் இன்னொருவரின் வேலையையும் இன்னொருவரின் இழப்பையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்வதாகும்.

அன்றிரவு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மறுநாள் ஹொப்சன்-ஜொப்சனைப் புரட்டினேன். ஆங்கிலேயர் இந்தியாவில் பொறுக்கிய சொற்களுக்கு 1886 இல் வெளியான அகராதி அது. அதில் 'மமூட்டி' என்றொரு பதிவு இருக்கிறது. மண்ணை வெட்டும் கருவி, தமிழ் 'மண்வெட்டி' என்பதிலிருந்து வந்தது என்று பொருள் சொல்கிறது. சென்னை இராணுவத்தின் அகழிவெட்டிகள் இந்தச் சொல்லைப் புழங்கினார்கள். இலங்கை ஆங்கிலத்தில் இன்றுவரை மண்வெட்டி 'மமோட்டி'தான். தோட்டத் துரைமாரின் கையேடுகளிலும், கருவி ஏற்றுமதி செய்தவர்களின் பட்டியல்களிலும் அந்தச் சொல் ஏறியது. ஆங்கிலத்தில் கொத்துக்குச் சொல் இல்லாமலா? இருந்தது. ஆனால் இந்த வடிவம், இந்த அகலம், காம்போடு இந்தக் கோணம் வேண்டுமென்றால் மமூட்டி என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

இந்தப் பகுதிப் பட்டறைகளில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒருவர், நம்முடைய ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இரும்படித்திருக்கிறார். கூலியாளின் பெயர் இங்கே வந்து சேரவில்லை. அவன் தன் கருவிக்கு வைத்திருந்த பெயர் மட்டும் உலை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

*

வாளியின் அடியில் தேங்கிய துருவைக் கொட்டும்போது இன்னொரு துரு நினைவுக்கு வந்தது. 1869 இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது. இரும்புத் துருவைப்போல இருந்ததால் இலைத்துரு என்றார்கள். ஒரு பூஞ்சணம். முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் கோப்பி இருந்தது. 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து ஆராய்ந்தார்கள். ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதால் பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் தடையின்றிப் பரவின என்று அவர் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நடுவில் காடு இருந்திருந்தால் அது வேலியாக நின்றிருக்கும்.

கோப்பி செத்தது. கூலி பாக்கியோடு ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்தில். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவை. வந்து போனவர்கள் வந்து தங்கியவர்களானது அதன் பிறகுதான். என் குடும்பம் லயத்தில் வேர்விட்டதும் அப்போதுதான் இருக்க வேண்டும்.

1943 இல், இந்தக் கோடாலி வெட்னெஸ்பரியில் உலையிலிருந்து வெளிவந்த ஆண்டில், தாத்தா இருபது வயது இளைஞன். காலையில் பெரட்டுக்குப் போய், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கான் வெட்டப் போனவர். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளிப் பிரஜை என்று சொல்ல வேண்டுமானால், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? தாத்தாவிடம் இருக்கவில்லை. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு நீலகிரிக்குப் போனார். தாத்தா இருந்துவிட்டார். இருவரும் அதன் பிறகு சந்திக்கவில்லை.

கோடாலியைத் துடைத்து மேசையில் வைத்தபோது எனக்கு அதுதான் உறுத்தியது. எங்கே பிறந்தது, எந்த ஆண்டு பிறந்தது, யாருக்குச் சொந்தம் என்ற மூன்றுக்கும் இந்த இரும்பிடம் அத்தாட்சி இருக்கிறது. எண்பது ஆண்டுத் துருவுக்கு அடியிலும் அழியாமல் இருக்கிறது. அதே காலத்தில் அதே பேரரசில் வேலை செய்த மனிதனுக்கு மூன்றில் ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை.

*

கூர் தீட்டுவதை மகள் தானே செய்கிறேன் என்றாள். தலையைக் குறட்டில் இறுக்கி, அரத்தை விளிம்பை நோக்கித் தள்ள வேண்டும். இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இழுத்தால் அரத்தின் பல்தான் கெடும். கையுறை கட்டாயம். அரம் முடிந்த பிறகு எண்ணெய்க் கல்லைச் சிறு வட்டங்களாக ஓட்டி, கடைசியில் தோல்வாரில் இழுத்தால் போதும்.

தொடங்கும் முன் அவள் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது நேரா இல்லையேப்பா. ஒரு பக்கம் தேஞ்சிருக்கு." உண்மைதான். விளிம்பின் ஒரு மூலை மற்றதைவிட உருண்டு குறைந்திருந்தது. தவறிய அடிகளில் தரையிலும் கல்லிலும் முதலில் படும் மூலை அது. மழுங்கும்போதெல்லாம் அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தீட்டியிருக்கிறார்கள். "அரத்தால நேராக்கிடவா?" என்றாள்.

நேராக்குவது எளிது. ஆனால் அதைச் செய்ய நல்ல மூலையிலிருந்து அரை அங்குலக் கடின உருக்கை வீணாக ராவித் தள்ள வேண்டும். அதைவிட, அந்தக் கோடாலியில் உழைத்தவரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே தடயமும் அதுதான். முத்திரையில் இருப்பது முதலாளியின் பெயர். அம்பு அரசின் அடையாளம். அடித்த கொல்லன், போர்க்காலத்தில் இதைத் தூக்கிய சிப்பாய், பிறகு எந்தத் தோட்டத்திலோ விறகு பிளந்த கிழவர் என்று ஒருவருடைய பெயரும் இதில் இல்லை. அவர்களுடைய கை மட்டும் இந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. "வளைவாவே இருக்கட்டும்மா, அந்த வளைவோடயே தீட்டு" என்றேன். பின்புறத்துப் பிதுக்கத்தில் சிதறிக் கண்ணைக் குத்தக்கூடிய கூரான ஓரங்களை மட்டும் ராவினோம்.

காம்புக்கு இங்கே வழக்கமான மரம் ஆஷ். அடியின் அதிர்வைக் கைக்கு விடாமல் தாங்கிக்கொள்ளும். இப்போது அந்த மரத்துக்கும் கேடு வந்திருக்கிறது. இதுவும் ஒரு பூஞ்சணம். 2012 இல் பிரித்தானியாவில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு ஆஷ் மரங்கள் நாடெங்கும் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. எங்கள் தெருமுனையில் நின்ற ஒன்றையும் வெட்டிவிட்டார்கள். வாங்கிய காம்பின் நுனியைப் பார்த்தோம். மரத்தின் ரேகைகள் விளிம்பின் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒரே அடியில் பிளக்கும். கண்ணுக்குள் நுழையும் அளவுக்குச் சீவி, நுனியில் வாளால் ஒரு பிளவிட்டு, தலையைப் பொருத்தி, பிளவில் மர ஆப்பை அடித்தேன். ஆளிவிதை எண்ணெய் பூசியது மகள். பூசிய துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

"கோடாலிக்காம்பு" என்று நம்மிடம் ஒரு வசை இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். தன் இனத்தையே வெட்டக் கைகொடுப்பவன். மரத்தை வெட்டும் கோடாலிக்கு மரமே காம்பாகிறதல்லவா. மலையகத்தில் கங்காணியை நினைத்தால் எனக்கு அந்தச் சொல் வரும். ஊரில் ஆள் பிடித்துக் கூட்டி வந்தவரும், துண்டுக் கடனில் கட்டி வைத்தவரும், தலைக்காசு வாங்கியவரும் நம்மவரே. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "காம்புகிட்ட யாரும் கேக்கலையேப்பா, நீ வர்றியான்னு" என்றாள். கங்காணிமாரை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் இழந்த காட்டைத் தாங்களே வெட்டிய கிராமத்தவரை நினைத்தபோது அவள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

*

வேலை முடிந்ததும் படமெடுத்து ஊரிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் இன்னமும் அதே லயத்தில், தகரத்தை மாற்றிச் சுவரை உயர்த்திக்கொண்டு இருக்கிறார். அழைத்தார். தாத்தா சொன்ன கதையையும் நான் படித்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"உங்க தாத்தா கோடாலியே தொட்டதில்லடா" என்றார். "வெறகுக்குப் போனாக்கூட கத்திதான். அவருக்கு எல்லாமே மண்வெட்டி. கான் வெட்டுறதுல அவர மிஞ்ச அந்த டிவிசன்ல ஆளில்ல."

"பின்ன ஏம்ப்பா அப்படிச் சொன்னாரு?"

"கான் வெட்டினேன்னு சொன்னா யாரு மதிப்பா?"

கான் என்பது மழைநீர் வடியும் கால்வாய். காட்டை இழந்த செங்குத்தான சரிவில் அது இல்லாவிட்டால் ஒரு பருவமழைக்கே மேல்மண் ஆற்றுக்குப் போய்விடும். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்த மலைகளில் மண் தங்கியிருக்கிறதென்றால் அதில் கான் வெட்டியவர்களின் பங்கு பெரிது. காடு விழுந்த சத்தத்தைப் பற்றித் துரைமார் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கான் வெட்டியதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகப் போட்டார்கள்.

"அந்த மண்வெட்டி இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன்.

இருக்கிறதாம். கோழிக்கூட்டுக்குப் பின்னால். காம்பை நான்கைந்து தடவை மாற்றியாயிற்று. தகடு தேய்ந்து தேய்ந்து கையகலத்துக்கு வந்துவிட்டது. முத்திரை ஏதாவது தெரிகிறதா என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை, எல்லாம் தேய்ந்துவிட்டது, ஒரே துரு என்றார். பேத்திக்கு வேண்டுமானால் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைக்கிறேன் என்றும் சொன்னார்.

"தேய்க்காதீங்கப்பா. தேங்காயெண்ணெய் மட்டும் தடவி உள்ள எடுத்து வைங்க. டிசம்பர்ல நாங்க வர்றோம்."

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழைப்பை வைத்ததும், "மமோட்டி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு "மண்-வெட்டி" என்று பிரித்துச் சொன்னாள்.